விண்டோஸ், மேக், உபுண்டு மூணும் ஒரே வைஃபைல இருக்கு, ஃபைல் மட்டும் ஏன் போக மாட்டேங்குது?

எங்க வீட்ல மூணு மெஷின். என்னோட லேப்டாப்ல விண்டோஸ் 11, அக்காகிட்ட ஒரு மேக்புக், அப்பாவோட பழைய டெஸ்க்டாப்ல உபுண்டுங்கிற லினக்ஸ் போட்டு குடும்ப போட்டோ எல்லாத்தையும் அதுல தான் வச்சிருக்கோம். மூணுலயும் இன்டர்நெட் நல்லா ஓடுது, ஆனா அக்கா கல்யாண ஆல்பத்தை டெஸ்க்டாப்ல இருந்து எடுக்கணும்னா பென்டிரைவ் எங்கன்னு வீடு பூரா தேடணும். இதுக்காக ரெண்டு ராத்திரி உக்காந்தேன், அப்போ தான் ஒண்ணு புரிஞ்சது, "கனெக்ட் ஆகல"ன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றதுக்குள்ள நாலஞ்சு வேற வேற கோளாறு இருக்கு, நம்மளுது எதுன்னு கண்டுபிடிக்காம செட்டிங்ஸை மாத்த ஆரம்பிச்சா ஏற்கனவே சரியா இருந்ததும் கெட்டுப் போயிடும். அதனால கீழ சொல்ற வரிசைலயே போங்க, ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க, என்ன மாத்தினீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு முடிவு எடுத்துக்கோங்க. எந்த மெஷின் ஃபைலை குடுக்கப் போகுது, எது எடுக்கப் போகுது? மூணும் மூணுக்கும் குடுக்கணும்னு ஒரே நாள்ல முயற்சி பண்ணாதீங்க. ஒரு மெஷின், அதுல ஒரு ஃபோல்டர், அதை இன்னொரு மெஷின்ல திறக்கணும், முதல் நாள் அவ்வளவு தான்.

மூணு மெஷினும் இதுல பேசிக்கிற பாஷைக்கு எஸ்எம்பின்னு பேரு. 1980கள்ல ஐபிஎம்ல பொறந்து மைக்ரோசாஃப்ட் கையில வளர்ந்தது. லினக்ஸ் பக்கம் இதே பாஷையை பேச வைக்கிறது சாம்பா, ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜல்ங்கிறவர் 1990களோட ஆரம்பத்துல எழுதத் தொடங்கினது, எஸ், எம், பி மூணு எழுத்தும் வர்ற வார்த்தையா தேடி எடுத்து தான் அந்தப் பேரை வச்சிருக்கார். மேக் முன்னாடி தனக்குன்னு ஏஎஃப்பின்னு வேற ஒண்ணு வச்சிருந்துச்சு, 2013ல வந்த மேவரிக்ஸ்ல இருந்து அதுவும் எஸ்எம்பிக்கு வந்துடுச்சு. ஆக பாஷை ஒண்ணு தான், சண்டை வர்றது வேற இடத்துல.

முதல்ல: நிஜமாவே ஒரே நெட்வொர்க் தானா?

ஒரே வைஃபை பேரு தெரிஞ்சா ஒரே நெட்வொர்க்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு மெஷினோட ஐபி அட்ரஸையும், அதாவது நெட்வொர்க்ல அந்த மெஷினுக்கு இருக்குற நம்பரை, எடுத்து எழுதுங்க. விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக்னு ஒரே வார்த்தையா அடிச்சா வரும், மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ்ல வைஃபைக்குள்ள டீடெயில்ஸ்ல இருக்கும், உபுண்டுல வைஃபை பேர் பக்கத்துல இருக்குற சக்கர ஐகானை அமுக்கினா தெரியும். வீட்டு ரவுட்டர்ல பெரும்பாலும் 192.168.1.12, 192.168.1.25 இந்த மாதிரி இருக்கும். முதல் மூணு நம்பரும் எல்லா மெஷின்லயும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணுல 192.168.1, இன்னொண்ணுல 192.168.0ன்னு இருந்தா அங்கயே நில்லுங்க, கோளாறு அது தான். 169.254ன்னு ஆரம்பிச்சா அந்த மெஷினுக்கு ரவுட்டர் அட்ரஸே குடுக்கலன்னு அர்த்தம், வைஃபையை ஆஃப் பண்ணி திரும்ப கனெக்ட் பண்ணுங்க.

நம்ம ஊர் வீடுகள்ல இது அடிக்கடி வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஃபைபர் கனெக்ஷன் குடுக்கும்போது ஒரு டப்பா வச்சுட்டு போவாங்க, அதுலயே வைஃபை இருக்கும், மாடிக்கு சிக்னல் வரலன்னு நாம இன்னொரு ரவுட்டர் வாங்கி அதுல சொருகுவோம். இப்போ வீட்டுக்குள்ள ரெண்டு நெட்வொர்க். இன்டர்நெட் ரெண்டுலயும் வரும், அதனால சந்தேகமே வராது. இதுக்கு ஒரு அடையாளம் சொல்றேன், மாடி லேப்டாப்ல இருந்து கீழ இருக்குற டெஸ்க்டாப்பை திறக்க முடியும், ஆனா கீழ இருந்து மேல போக முடியாது. அப்படி ஒரு பக்கம் மட்டும் போச்சுன்னா ரெண்டாவது ரவுட்டரோட செட்டிங்ஸ்ல போய் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துங்க, அப்போ அது தனி நெட்வொர்க் போடாம முதல் டப்பாவோட நெட்வொர்க்கையே நீட்டிக் குடுக்கும். கூடவே ஒரு மெஷின் கெஸ்ட் வைஃபைல இருக்கான்னும் பாருங்க, கெஸ்ட் நெட்வொர்க்கோட வேலையே ஒரு மெஷினை இன்னொண்ணு பாக்க விடாம வைக்கிறது தான். சில ரவுட்டர்ல ஏபி ஐசோலேஷன்னு ஒரு டிக் இருக்கும், அதுவும் இதே வேலையைத் தான் பண்ணும், எடுத்து விடுங்க. ஆபீஸ் விபிஎன் ஓடுச்சுன்னா இந்த டெஸ்ட் முடியுற வரைக்கும் நிறுத்தி வைங்க.

அடுத்தது: ஐகானை நம்பாதீங்க, ஐபியை நம்புங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் இது. விண்டோஸ்ல நெட்வொர்க்னு ஒரு ஐகான் இருக்கு, அதை திறந்தா உபுண்டு மெஷின் தெரியல, உடனே ஷேரிங்கே வேலை செய்யலன்னு முடிவு பண்ணிடுறோம். லிஸ்ட்ல தெரியுறது வேற, ஃபைல் போறது வேற. விண்டோஸ் தன்னை அறிவிச்சுக்கிற முறைக்கு டபிள்யூஎஸ் டிஸ்கவரின்னு பேரு, மேக் போன்ஜூர்னு ஒரு முறையில அறிவிக்கும், உபுண்டுல அவாஹி அதே போன்ஜூர் பாஷையில கத்தும். ஒருத்தர் கத்துறது இன்னொருத்தர் காதுல விழல, அவ்வளவு தான். கதவு திறந்து தான் இருக்கும்.

அதனால நேரா ஐபி போட்டு போங்க. குடுக்குற மெஷின் 192.168.1.25னு வச்சுக்குவோம். விண்டோஸ்ல விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேத்து அமுக்கி, வர்ற பெட்டில \\192.168.1.25 அடிச்சு என்டர் தட்டுங்க. மேக்ல ஃபைண்டர்ல நின்னுட்டு கமாண்ட் கீயோட கே அமுக்கினா கனெக்ட் டு சர்வர் வரும், அதுல எஸ்எம்பின்னு மூணு இங்கிலீஷ் எழுத்து போட்டு கோலன், ரெண்டு ஸ்லாஷ், அப்புறம் ஐபி. உபுண்டுல ஃபைல்ஸ் ஆப்ல நெட்வொர்க் இல்லேன்னா அதர் லொக்கேஷன்ஸ்ங்கிற இடத்துல மேக்ல அடிச்ச அதே வரியை அடிங்க. விண்டோஸ்ல மட்டும் ஸ்லாஷ் இடது பக்கம் சாயும், மத்ததுல வலது பக்கம், இதை மாத்தி அடிச்சுட்டு அரை மணி நேரம் ரவுட்டரை நோண்டினவங்க நிறைய பேர்.

இதுலயே திறந்துச்சுன்னா உங்களுக்கு கோளாறு லிஸ்ட்ல தெரியாதது மட்டும் தான். உபுண்டுல டபிள்யூஎஸ்டிடிங்கிற சின்ன ப்ரோக்ராமை போட்டா விண்டோஸ் லிஸ்ட்ல வந்துடும், இல்லேன்னா அந்த ஃபோல்டரை ஷார்ட்கட்டா வச்சுக்கிட்டு நிம்மதியா இருங்க. ரவுட்டர்ல அட்ரஸ் ரிசர்வேஷன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், குடுக்குற மெஷினுக்கு எப்பவும் அதே ஐபி கிடைக்குற மாதிரி அங்க கட்டி வச்சுடுங்க, இல்லேன்னா ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் ஐபி மாறி ஷார்ட்கட் செத்துப் போயிடும்.

திறக்கலேன்னா: 445ங்கிற கதவு

எஸ்எம்பி போற கதவு எண் 445. அது திறந்திருக்கான்னு எடுக்குற மெஷின்ல இருந்து தட்டிப் பாக்கலாம். விண்டோஸ்ல பவர்ஷெல் திறந்து டெஸ்ட் ஹைஃபன் நெட்கனெக்ஷன், ஒரு ஸ்பேஸ், ஐபி, ஒரு ஸ்பேஸ், ஹைஃபன் ஒட்டி போர்ட், ஒரு ஸ்பேஸ், 445. கடைசி வரியில ட்ரூன்னு வந்தா கதவு திறந்திருக்கு. மேக்லயும் உபுண்டுலயும் டெர்மினல்ல என்சிங்கிற ரெண்டெழுத்து கமாண்ட், ஹைஃபன் ஒட்டி வீயும் இசட்டும், ஐபி, 445.

வர்ற பதிலை கவனமா படிங்க. ரொம்ப நேரம் காக்க வச்சுட்டு டைம்அவுட்னு வந்தா பெரும்பாலும் ஒரு ஃபயர்வால், அதாவது வர்ற கனெக்ஷனை வடிகட்டுற காவல்காரன், நடுவுல நின்னு சத்தமில்லாம தூக்கிப் போடுது, இல்ல மெஷின் தூங்கிட்டு இருக்கு. உடனே ரெஃப்யூஸ்ட்னு வந்தா மெஷின் வரைக்கும் போயாச்சு, அங்க ஷேரிங் சர்வீஸ் தான் ஓடல. மெஷின் இருக்கான்னு கூப்பிட்டுப் பாக்குற பிங்குக்கு பதில் வரலன்னு மட்டும் பயப்படாதீங்க, விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை தனியா தடுக்கும், பிங் வராமலே 445 திறந்திருக்கலாம்.

விண்டோஸ் தான் குடுக்குற மெஷின்னா, செட்டிங்ஸ்ல நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய் உங்க வைஃபையோட ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க, அது பப்ளிக்னு இருந்தா பிரைவேட்னு மாத்துங்க. இந்த ஒரு மாத்தத்துலயே நிறைய வீட்டு பிரச்சனை முடிஞ்சுடும். வீட்டு வைஃபைக்கு மட்டும் தான், ரயில்வே ஸ்டேஷன் வைஃபைக்கு இல்ல. அப்புறம் அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ், அதுக்குள்ள அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ், அங்க பிரைவேட் நெட்வொர்க்குக்கு கீழ நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்கும் ஆன்ல இருக்கணும். வேற கம்பெனி ஆன்டிவைரஸ் போட்டிருந்தா அதுக்குன்னு தனி ஃபயர்வால் இருக்கும், அதுலயும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானதுன்னு குறிக்கணும். மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், அங்க ஃபைல் ஷேரிங்கை ஆன் பண்ணுங்க. உபுண்டுல முதல்ல சாம்பா இன்ஸ்டால் ஆகியிருக்கணும், யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஆன்ல வச்சிருந்தீங்கன்னா அதுல சாம்பாவை அலோ பண்ணணும்.

ஃபயர்வாலை முழுசா ஆஃப் பண்ணுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. டெஸ்டுக்குன்னு ஆஃப் பண்ணி, வேலை முடிஞ்ச சந்தோஷத்துல திரும்ப ஆன் பண்ண மறந்துடுவோம், அது அப்படியே வருஷக்கணக்குல கிடக்கும்.

பாஸ்வேர்ட் கேக்குது, சரியா போட்டாலும் தப்புங்குது

இங்க தான் எனக்கு முதல் ராத்திரி பூரா போச்சு, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். பாஸ்வேர்ட் பெட்டி வந்தாலே நல்ல செய்தி, நெட்வொர்க்கும் கதவும் சரியா இருக்கு, இனிமே ரவுட்டர் பக்கம் போகவே வேண்டாம்.

கேக்குறது எந்த மெஷினோட பாஸ்வேர்ட்? குடுக்குற மெஷினோடது. நீங்க உக்காந்திருக்குற மெஷினோடது இல்ல. வைஃபை பாஸ்வேர்டும் இல்ல.

விண்டோஸ் தான் குடுக்குதுன்னா, தினமும் நீங்க போடுற நாலு இலக்க பின் இங்க செல்லாது, அது அந்த மெஷின் முன்னாடி உக்காந்து போடுறதுக்கு மட்டும். நெட்வொர்க் வழியா வரணும்னா நிஜ பாஸ்வேர்ட் வேணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்னா முழு ஈமெயிலும் அந்த அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டும். பாஸ்வேர்டே இல்லாத லோக்கல் அக்கவுண்ட்னா விண்டோஸ் நெட்வொர்க்ல உள்ள விடவே விடாது. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு சுத்தமான வழி, ஷேரிங்குக்குன்னே தனியா ஒரு லோக்கல் யூசர் உருவாக்குறது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட், அங்க ஈமெயில் கேக்கும்போது இவங்க சைன் இன் விவரம் என்கிட்ட இல்லைங்கிற லிங்க், அடுத்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாம சேர்க்குற லிங்க். வீடுன்னு ஒரு பேர், இங்கிலீஷ் எழுத்துல சின்னதா, ஒரு பாஸ்வேர்ட், முடிஞ்சது. உங்க ஈமெயில் பாஸ்வேர்டை வீட்ல இருக்குற எல்லா மெஷின்லயும் சேவ் பண்ணி வைக்க வேண்டிய அவசியமும் இல்லாம போயிடும்.

மேக் குடுக்குற மெஷினா இருந்து விண்டோஸ்ல இருந்து போறீங்கன்னா, ஃபைல் ஷேரிங் பக்கத்துல இருக்குற ஐ பட்டனை அமுக்கி ஆப்ஷன்ஸ் போங்க, அடியில விண்டோஸ் ஃபைல் ஷேரிங்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல உங்க யூசர் பேருக்கு டிக் போட்டு பாஸ்வேர்ட் குடுக்கணும். ஷேரிங் ஆன் பண்ணியாச்சேன்னு இதை விட்டுடுவோம், அக்காவோட மேக்ல இதே தான் நடந்துச்சு.

உபுண்டுல சாம்பாவுக்கு தனி பாஸ்வேர்ட் புத்தகம். நீங்க லாகின் பண்ற பாஸ்வேர்ட் அதுக்கு தெரியாது. டெர்மினல்ல சுடோ போட்டு எஸ்எம்பிபாஸ்வட், அதுல பாஸ்வேர்ட்ங்கிற ஸ்பெல்லிங்ல ஓவும் ஆரும் கிடையாது, அப்புறம் ஹைஃபன் ஏ, உங்க யூசர் பேர். ரெண்டு தடவை பாஸ்வேர்ட் கேக்கும். இதை ஒரு தடவை பண்ணாம எத்தனை தடவை சரியான பாஸ்வேர்ட் போட்டாலும் தப்புன்னே சொல்லும்.

எல்லாம் சரி, ஆனாலும் விண்டோஸ் உள்ள போகலேன்னா அது பழைய தப்பான பாஸ்வேர்டை ஞாபகம் வச்சிருக்கலாம். ஸ்டார்ட் மெனுல க்ரெடென்ஷியல் மேனேஜர்னு தேடி, விண்டோஸ் க்ரெடென்ஷியல்ஸ்ல அந்த ஐபி பேர்ல இருக்குறதை அழிச்சுட்டு, சைன் அவுட் பண்ணி உள்ள வாங்க. யூசர் பேர் போடும்போது முன்னாடி குடுக்குற மெஷினோட பேரும் ஒரு பேக்ஸ்லாஷும் சேத்து போடுங்க, இல்லேன்னா விண்டோஸ் தன்னோட பேரையே ஒட்டி அனுப்பிடும். எர்ரர்ல 1326னு வந்தா பேரோ பாஸ்வேர்டோ தப்பு, 1219னு வந்தா அதே மெஷினுக்கு ஏற்கனவே வேற யூசர் பேர்ல ஒரு கனெக்ஷன் திறந்திருக்கு, 53னா பாதையே கிடைக்கல, மேல இருக்குற கதவு டெஸ்டுக்கு திரும்பப் போங்க.

உள்ள போயாச்சு, ஃபைலை தொட விட மாட்டேங்குது

விண்டோஸ்ல ஒரு ஃபோல்டருக்கு ரெண்டு பூட்டு. ஷேரிங் டேப்ல ஒண்ணு, செக்யூரிட்டி டேப்ல ஒண்ணு. ரெண்டுல எது கறாரோ அது தான் ஜெயிக்கும். அட்வான்ஸ்ட் ஷேரிங் வழியா ஷேர் பண்ணா ஷேர் பூட்டு படிக்க மட்டும் தான் விடும், அதனால பாக்க முடியும், அதுக்குள்ள எதையும் காப்பி போட முடியாது. புதுசா பண்றவங்க ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல ஷேரிங் டேப்ல இருக்குற வெறும் ஷேர் பட்டனை அமுக்கி, வீடு யூசரை சேத்து ரீட் ரைட் குடுங்க, அது ரெண்டு பூட்டையும் சேத்தே பாத்துக்கும். எவ்ரிஒன்னு போட்டு ஃபுல் கன்ட்ரோல் குடுக்குறது வேண்டாம், பாஸ்வேர்ட் கேக்குறதை ஆஃப் பண்ணி வச்சிருந்தா வீட்டுக்கு வர்ற விருந்தாளி போன்ல இருந்தும் போட்டோ அழிய வாய்ப்பு குடுத்த மாதிரி.

உபுண்டுல சாம்பாவோட கான்ஃபிக் ஃபைல்ல ஒரு ஷேருக்கு ரீட் ஒன்லி நோன்னு நீங்களா எழுதலேன்னா அது படிக்க மட்டும் தான் விடும். எழுதி முடிச்சதும் டெஸ்ட்பார்ம்னு ஒரு கமாண்ட் ஓட்டுங்க, எழுத்துப் பிழை இருந்தா காட்டிக் குடுக்கும். அதோட 21.04ல இருந்து உபுண்டு புதுசா உருவாக்குற ஹோம் ஃபோல்டரை மத்த யூசர்ஸ் எட்டிப் பாக்க முடியாத மாதிரி பூட்டி தான் வைக்குது, அதனால ஹோமுக்குள்ள ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணிட்டு வேற யூசர் பேர்ல வந்தா கதவுலயே நிக்கும். போட்டோ மாதிரி பொதுவான விஷயத்துக்கு ஹோமுக்கு வெளிய தனி ஃபோல்டர் போடுறது நல்லது.

எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்கை ஷேர் பண்ணியிருந்தா அது எந்த ஃபார்மட்னு பாருங்க. ஃபேட்32னா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் போகாது, என்டிஎஃப்எஸ்னா மேக்ல சொருகினா படிக்க மட்டும் தான் முடியும். இதுல நெட்வொர்க்கை குறை சொல்லி பிரயோஜனம் இல்ல.

எஸ்எம்பி 1ஐ ஆன் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு

பழைய வீடியோ, பழைய கட்டுரை பாத்தா விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் எஸ்எம்பி 1 டிக் போடுங்கன்னு இருக்கும். 2017 மே மாசம் ஃபைலை பூட்டி காசு கேக்குற வான்னாக்ரைங்கிற வைரஸ் உலகம் பூரா பரவினது அந்த பழைய வெர்ஷன்ல இருந்த ஓட்டை வழியாத் தான். அதுக்கு அப்புறம் அதே வருஷக் கடைசில வந்த விண்டோஸ் 10 வெர்ஷன்ல இருந்து மைக்ரோசாஃப்ட் அதை புதுசா போடும்போது சேக்குறதையே நிறுத்திடுச்சு, சாம்பாவும் 2019ல 4.11ல இருந்து அதை மூடியே வைக்குது. உங்க மூணு மெஷினும் ஓரளவு புதுசுன்னா எஸ்எம்பி 1 தேவையே இல்ல. ரொம்ப பழைய நெட்வொர்க் ஹார்ட்டிஸ்க் டப்பா ஒண்ணு அதை மட்டும் தான் பேசும்னா, அதுல இருக்குறதை வேற இடத்துக்கு எடுத்துட்டு அதுக்கு ஓய்வு குடுங்க.

இன்னொண்ணு, நேத்து வரைக்கும் பாஸ்வேர்ட் இல்லாம திறந்த ஷேர் விண்டோஸ் 11 அப்டேட்டுக்கு அப்புறம் திறக்கலன்னா, 24ஹெச்2 வெர்ஷன்ல வந்த மாத்தமா இருக்கலாம். ப்ரோ எடிஷன்ல கெஸ்டா உள்ள போறதை நிறுத்திட்டாங்க, நடுவுல யாரும் மாத்தலன்னு காட்டுற டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கனெக்ஷனையும் ஏத்துக்கிறதில்ல. கெஸ்டுக்கு பாஸ்வேர்டே கிடையாதுங்கிறதால கையெழுத்தும் போட முடியாது. பாதுகாப்பை தளர்த்துற ட்ரிக்கை தேடாம குடுக்குற பக்கம் யூசர், பாஸ்வேர்ட் உருவாக்குங்க.

பேர்ல வர்ற வம்பு, நம்ம தமிழ் பேருக்கும் சேத்து

உபுண்டுல கோலன், கேள்விக்குறி, நட்சத்திரக் குறி எல்லாம் ஃபைல் பேர்ல வைக்கலாம், விண்டோஸ் ஏத்துக்காது, அந்த ஃபைல் மட்டும் கன்னாபின்னான்னு வேற பேர்ல தெரியும். போட்டோ 10:30ன்னு வைக்காதீங்க, ஹைஃபன் போடுங்க.

தமிழ்ல பேர் வைக்கிறவங்க இதை தெரிஞ்சுக்கணும். கொ, கோ மாதிரி எழுத்துல க-வுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுற குறியை, கம்ப்யூட்டர் எழுத்தை சேமிக்கிற யூனிகோட் முறையில, ஒரே குறியாவும் வைக்கலாம், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு பிரிச்சும் வைக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு தான். மேக்கோட பழைய ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் டிஸ்க் எப்பவும் பிரிச்சு தான் எழுதும், விண்டோஸ்ல டைப் பண்றது பெரும்பாலும் சேத்து வரும், லினக்ஸ் ரெண்டையும் வேற வேற பேரா பாக்கும். அதனால ஒரே ஃபோல்டருக்குள்ள கோவில் திருவிழாங்கிற ஒரே பேர்ல ரெண்டு தெரியலாம், இல்ல பேரை டைப் பண்ணி தேடினா கண்ணு முன்னாடி இருக்குற ஃபைலே இல்லைன்னு சொல்லலாம். ஃபைல் கெட்டுப் போகல, அழிச்சுடாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு ரெண்டையும் திறந்து பாத்து ஒண்ணா சேத்துட்டு, விண்டோஸ் மெஷின்ல இருந்து பேரை ஒரு தடவை புதுசா டைப் பண்ணி மாத்துங்க. மேக் போற இடமெல்லாம் டாட் டிஎஸ் ஸ்டோர்னு ஒரு குட்டி ஃபைல் விட்டுட்டு வரும், அது வைரஸ் இல்ல.

எல்லாம் ஓடுதுன்னு தோணும்போது ஒரு டெஸ்ட் பண்ணுங்க. எடுக்குற மெஷின்ல இருந்து ஷேருக்குள்ள ஒரு சின்ன ஃபைலை போடுங்க, பேர் மாத்துங்க, திறந்து ஒரு வரி எழுதி சேவ் பண்ணுங்க, அழிங்க. நாலும் நடந்தா ரவுட்டரையும் ரெண்டு மெஷினையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு அதே நாலையும் திரும்ப பண்ணுங்க, ரெண்டாவது தடவையும் நடந்துச்சுன்னா மூணாவது மெஷினுக்கு போகலாம். அன்னைக்கு அக்கா மேக்புக்ல ஆல்பம் திறந்தப்போ அம்மா வந்து பக்கத்துல உக்காந்துட்டாங்க, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஒவ்வொரு போட்டோவா பாத்துட்டு இருந்தோம்.